தொட்டில் முதலாகத் தொடரும் ஆராய்ச்சி: குழந்தைகளின் தொய்வும் ஒவ்வாமையும்

சென்ற தவணையின் தொடக்கத்தில் ஒருநாட் காலை, எட்டாம் வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவன் தாயாரும் அம்மம்மாவும் என்னைக் காண வந்தனர். பையனுக்குத் தொய்வு நோய் உண்டு. ஆதலால் உடற்பயிற்சிப் பாடத்திலிருந்து அவனுக்கு நிரந்தர விலக்கு வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். நோய் எப்பொழுது தொடங்கியது என்று வினவினேன். மூன்றாம் வயதிற் கொப்புளிப்பான் கண்டு தேறிய பின்னரே தொடங்கியது என்றார் தாயார். அம்மம்மா அதனை ஒப்பவில்லை. புதுவீடு கட்டிக் குடிபுகுந்த ஆண்டிற் சீமெந்துத் தூசியாலேயே வந்தது என்பதில் அவர்க்கு எள்ளளவும் ஐயமில்லை. இருவரும் பொய்யுரைப்பவர் அல்லர். அப்பிள்ளையை இரவிரவாக மடியிற் கிடத்தி விழித்திருந்தவர்கள். பிறப்பிலிருந்து பேணப்பட்ட அவனது சுகாதாரப் பதிவேட்டை மறுநாட் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஏழாம் மாதத்திலேயே, தடுப்பூசிக்குச் சென்ற ஒரு நாளில், மூச்சிழுப்பு இருந்ததெனக் குறிப்பொன்று எழுதப்பட்டிருந்தது. கொப்புளிப்பானுக்கும் முன், புதுவீட்டுக்கும் முன். அதனை இருவருமே மறந்துவிட்டனர்.

புறப்படும்போது தாயார் வாயிலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்: "வளர வளர இது விட்டுப்போகுமோ, சேர்?" அன்று எனக்கு விடை தெரியவில்லை. அக்கேள்வியின் பொருட்டு யான் தேடிப் படித்தவற்றிற் சிலவே இக்கட்டுரையாயின. யான் மருத்துவன் அல்லேன் என்பதை முதற்கண் கூறிவைத்தல் முறை.

நோய் கண்டவரிடம் சென்று, அது வருமுன் யாது நிகழ்ந்தது என வினவுதல் மருத்துவ ஆராய்ச்சியின் பழைய வழிகளுள் ஒன்று. அஃது எளியது, செலவு குறைந்தது, பல நோய்களின் காரணத்தை வெளிப்படுத்தியும் உள்ளது. ஆயினும் அதன்கண் ஒரு குறை உண்டு. நோயுற்ற பிள்ளையின் தாய் கடந்த பத்து ஆண்டுகளையும் துருவித் துருவி நினைவுகூர்வாள். நோயற்ற பிள்ளையின் தாய்க்கு அவ்வாறு துருவ வேண்டிய தேவையே இல்லை. இவ்விருவர் கூற்றையும் ஒப்புநோக்கினாற் காரணம் அல்லாதனவும் காரணம் போலத் தோன்றும். கொப்புளிப்பானும் சீமெந்துத் தூசியும் அவ்வாறு தோன்றியவையே.

இதற்கு மாற்றாக அமைந்தது மற்றொரு வழி. ஒரு காலத்தில் ஓரிடத்திற் பிறந்த குழந்தைகளை, எவர்க்கு நோய் வரும், எவர்க்கு வாராது என ஒருவரும் அறியாத நிலையிலே பதிவுசெய்து, குறித்த ஆண்டுகள்தோறும் மீண்டும் மீண்டும் கண்டு, உடலையும் வீட்டையும் உணவையும் அளந்து எழுதிக்கொண்டே செல்லுதல். இதனைப் பிறப்புக் குழாம் ஆராய்ச்சி எனலாம். இதிற் காரணம் என ஐயுறப்படுவது முதலில் எழுதப்படுகிறது. நோய் பின்னர் வருகிறது. நினைவின் மயக்கத்திற்கு இடம் மிகக் குறைவு. பொறுமையோ மிக வேண்டும். தொடங்கிய ஆராய்ச்சியாளர் முடிவைக் காணுமுன் ஓய்வுபெற்றுவிடுதலும் உண்டு.

இவ்வழியில் நாடளாவிய முயற்சிகளுள் முற்பட்டது பிரித்தானியாவில் நிகழ்ந்தது. 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஒரு வாரத்திற் பிறந்த குழந்தைகளின் தாய்மாரை ஜேம்ஸ் டக்ளஸ் என்னும் மருத்துவர் தலைமையில் விசாரித்தனர். 13,687 பிறப்புக்கள் பதிவாயின; அவற்றுட் 5,362 குழந்தைகள் தொடர்ந்து பின்பற்றப்பட்டனர். அக்காலத்தில் அவர்கள் அறிய விரும்பியது மகப்பேற்றுக்கு ஆகும் செலவையும் பிறப்பு வீதம் குறைந்ததன் காரணத்தையுமே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1958 மார்ச்சில், மீண்டும் ஒரு வாரத்துக் குழந்தைகள் ஏறத்தாழ 17,000 பேர் பதிவுசெய்யப்பட்டனர். இம்முறை நோக்கம் பிறக்குமுன்னும் பிறந்தவுடனும் நேரும் குழந்தை மரணங்களின் காரணத்தை ஆராய்தல். ஒவ்வாமை பற்றி எவரும் எண்ணியிருந்தாரல்லர்.

இங்கே ஒவ்வாமை என்பதன் பொருளைச் சுருங்கக் கூறிவிடுவோம். தீங்கற்ற ஒரு பொருளை, ஒரு மகரந்தத் துகளையோ பூனையின் தோற்பொடியையோ, உடல் பகைப்பொருளென மயங்கி எதிர்த்தலே ஒவ்வாமை. அச்சொல்லுக்கு மூலமான 'அலர்ஜி' என்னும் பெயரை 1906ஆம் ஆண்டில் வழங்கியவர் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்னும் குழந்தை மருத்துவர். அவ்வெதிர்ப்பை இயற்றும் பிறபொருளெதிரி, இம்யூனோகுளோபியூலின் ஈ என்பது, 1960களின் பிற்பகுதியிலேயே அறியப்பட்டது. தொய்வு என நாம் வழங்கும் ஆஸ்துமா, சுவாசப்பைக்குட் செல்லும் சிறு குழாய்கள் வீங்கிச் சுருங்கிச் சளியால் அடைபடும் நோய். காற்று அக்குழாய்களின் வழியே நெருக்குண்டு வெளியேறும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழும். அதனையே மூச்சிழுப்பு என்கிறோம். தொய்வு உடையார் பலர்க்கு ஒவ்வாமையும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

1958ஆம் ஆண்டுக் குழந்தைகளின் பதிவுகளை முப்பது ஆண்டுகளின் பின் எடுத்துப் பார்த்தவர் இலண்டனைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ராக்கன். 17,414 பிள்ளைகளின் விபரங்களைக் கொண்டு, 23ஆம் வயது வரையில் எவர்க்கு மகரந்தச் சளிக்காய்ச்சல் வந்தது, எவர்க்கு வரவில்லை என ஆராய்ந்தார். அவர் நோக்கிய பதினாறு ஏதுக்களுள் முனைப்பாக நின்றது குடும்பத்தின் அளவும் அதில் அப்பிள்ளையின் இடமுமே. மூத்த சகோதரர் பலருடையார்க்கு அக்காய்ச்சல் குறைவு. தலைப்பிள்ளைகளுக்கும் தனிப்பிள்ளைகளுக்கும் மிகுதி. மூத்தோரிடமிருந்து இளமையிலே தொற்றும் சிறு நோய்கள் பின்வரும் ஒவ்வாமையைத் தடுக்கின்றன போலும் என 1989ஆம் ஆண்டு இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றில் அவர் எழுதினார். சுகாதாரக் கருதுகோள் என உலகெங்கும் பேசப்படுவது அதுவே. மகப்பேற்று மரணங்களை எண்ணுவதற்காக எழுதப்பட்ட ஏடுகள் மகரந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேசின என்பது எனக்குப் பெருவியப்பாகத் தோன்றுகிறது. ஆயின் அக்கருதுகோளை, அழுக்கு உடலுக்கு நன்று என்னும் பேச்சாகச் சிலர் திரித்துவிட்டனர். ஸ்ட்ராக்கன் கண்டது சகோதரரின் எண்ணிக்கையை, அழுக்கை அன்று. கை கழுவாதிருக்க இதனைச் சான்று காட்டும் மாணவரை யான் அறிவேன்.

இனி, தொய்வையே முதல் நோக்காகக் கொண்டு எழுந்த ஆராய்ச்சியைக் காண்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசன் என்னும் நகர் உளது. பாலைநிலத்து நகராதலின், அதன் வறண்ட காற்று நெஞ்சுநோய்க்கு நன்றெனக் கருதி நோயாளர் பலர் முற்காலத்தில் அங்குச் சென்று குடியேறினர். அந்நகரில் 1980க்கும் 1984க்கும் இடையிற் பிறந்த 1,246 குழந்தைகளை அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் பதிவுசெய்தனர். இலின் டௌசிக், பேர்னாண்டோ மாட்டினெஸ், ஆன் ரைட் என்போர் இப்பணியில் முன்னின்றவர்கள். பிறந்தபோதே கொப்பூழ்க்கொடிக் குருதி எடுத்து வைக்கப்பட்டது. குழந்தைக்குச் சளியோ இழுப்போ வந்த போதெல்லாம், வந்த அன்றே மருத்துவர் கண்டு எழுதினர்.

அவர்கள் செய்தவற்றுள் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஒரு முறையேனும் நெஞ்சுச்சளி காணுமுன்னரே, சுவாசப்பையின் வலுவை அளந்து வைத்தனர். பேசவும் ஊதவும் அறியாத சிசுவின் மூச்சை எவ்வாறு அளப்பது? உறங்கும் குழந்தைக்குக் காற்றடைக்கும் மென்மையான சட்டையொன்றை அணிவித்து, மூச்சு உள்ளே சென்று முடியும் கணத்திற் சட்டையை விரைந்து ஊதச் செய்வர். நெஞ்சு மெல்ல அமுக்குண்டு காற்று வெளியேறும்; முகத்திற் பொருத்திய கருவி அதன் விரைவை அளக்கும். குழந்தை விழித்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவே. இவ்வளவு தொல்லைப்பட்டு அளந்தது எதற்கு எனின், இழுப்பு வந்த பின் அளந்தாற் குழாய் ஒடுங்கியிருத்தல் நோயின் காரணமோ, நோயின் விளைவோ என அறிய ஒண்ணாது. முன்னரே அளந்து வைத்தவர்க்கு மட்டுமே அது புலனாகும்.

ஆறாம் வயதில் 826 பிள்ளைகளின் வரலாறு முழுமையாகக் கிடைத்தது. 1995ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். நூற்றுக்கு 51.5 வீதத்தினர்க்கு ஒருபோதும் இழுப்பு வந்ததில்லை. 19.9 வீதத்தினர்க்கு மூன்று வயதிற்குள் வந்து ஆறாம் வயதில் இல்லாதொழிந்தது. 15.0 வீதத்தினர்க்கு மூன்று வயதிற்குப் பின்னரே தொடங்கியது. 13.7 வீதத்தினர்க்கு மூன்றுக்கு முன்னரும் இருந்தது, ஆறிலும் இருந்தது. எனவே சிசுப் பருவத்தில் இழுப்புக் கண்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் மூவர் ஆறு வயதுக்குள் அதனின்று நீங்கிவிட்டனர்.

அவ்வாறு நீங்கியவர் யாவர்? பிறந்தபோதே சுவாசப்பையின் வலு குறைந்திருந்தவர்கள். அவர்தம் தாய்மாருட் புகைபிடிப்போர் மிகுதி. குடும்பத்தில் தொய்வோ ஒவ்வாமையோ மிகுதியாகக் காணப்படவில்லை. குழாய் சிறிது, சளி வந்தால் அடைபடும், பிள்ளை வளரக் குழாயும் வளரும், இழுப்பு நின்றுவிடும். இழுப்பு நீங்காதவர் நிலை வேறு. அவர்களுட் பலரின் தாய்மார் தொய்வுடையோர். ஒன்பதாம் மாதத்திலேயே குருதியில் இம்யூனோகுளோபியூலின் ஈ மிகுந்திருந்தது. ஆயின் முதலாண்டில் அவர்தம் சுவாசப்பை ஏனையோருடையது போலவே நன்றாக இருந்தது. ஆறாம் வயதிலேதான் குறைந்து காணப்பட்டது. அதாவது, இவர்கள் குறையோடு பிறந்தவரல்லர். இடைப்பட்ட சில ஆண்டுகளிலே நோய் அவர்களைக் குறைப்படுத்தியது. காதுக்கு ஒன்றாகவே கேட்கும் ஒலி இரு வேறு நோய்களின் ஒலி. இவ்வுண்மை, நோய் கண்ட பிள்ளைகளை மட்டும் மருத்துவமனையிற் கண்டு விசாரித்திருந்தால் என்றேனும் வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இதனைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் எளிய அளவுகோல் ஒன்றையும் அவர்கள் வகுத்தனர். அடிக்கடி இழுப்பு வரும் சிறு குழந்தைக்கு, பெற்றோரிடம் தொய்வு உண்டா, குழந்தையின் தோலிற் கரப்பான் உண்டா, சளியில்லாத வேளையிலும் இழுப்பு வருமா என்பன போன்ற சில வினாக்களும், குருதிச் சோதனை ஒன்றும். இவ்வளவுகோலின் கண்டிப்பான வகையில் இல்லையென விடை பெற்றோருள் 95 வீதத்திற்கு மேற்பட்டோர்க்கு ஆறு முதற் பதின்மூன்று வயது வரை தொய்வு காணப்படவில்லை. உண்டென விடை பெற்றோர்க்கு அவ்வளவு உறுதியாக எதனையும் கூற இயலாது. அஞ்ச வேண்டாம் என்று சொல்வதற்கே இவ்வளவுகோல் பெரிதும் பயன்படும். நள்ளிரவிற் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர்க்கு அதுவே பெரிது.

டூசன் பதிவுகளிலிருந்து மற்றுமொரு செய்தி. மூத்த சகோதரரோடு வளர்ந்த குழந்தைகளையும், பிறந்து ஆறு மாதத்திற்குள் பராமரிப்பு நிலையங்களில் விடப்பட்ட குழந்தைகளையும் தனித்து நோக்கினர். இரண்டாம் வயதில் இவர்களுக்கு இழுப்பு ஏனையோரினும் மிகுதி. ஆறாம் வயதிலிருந்து குறைவு. இரண்டாம் வயதோடு ஆராய்ச்சியை முடித்திருந்தாற் பராமரிப்பு நிலையங்கள் தொய்வை உண்டாக்கும் என எழுதியிருப்பர். பத்தாம் வயதில் மட்டும் நோக்கியிருந்தால் அவை தொய்வைத் தடுக்கும் என எழுதியிருப்பர். ஸ்ட்ராக்கன் இங்கிலாந்திற் கண்டதற்கு இது துணை நிற்கிறது என்பதையும் நோக்குக.

பாலைநிலமாதலின் டூசனில் தூசுண்ணிகள் அரிது. ஈரப்பதமுள்ள நாடுகளில் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் அச்சிற்றுயிர்களே தொய்வின் முதற் பகைவர் எனக் கூறப்பட்டு வந்தது. அவை இல்லாவிடத்தும் தொய்வு இருந்தது. அங்கே அல்தர்னேரியா என்னும் ஒரு பூஞ்சணம் தூசுண்ணியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. ஒவ்வாமை கொள்ளத் தலைப்பட்ட உடல், ஊரில் எது உளதோ அதனைப் பகைத்துக்கொள்கிறது போலும்.

தூசுண்ணியைப் பற்றி எழுந்த வினா இவ்வாராய்ச்சிகளின் அருமையையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே காட்டும். ஜெர்மனியில் 1990ஆம் ஆண்டு பெர்லின் முதலிய ஐந்து நகரங்களில் 1,314 குழந்தைகளைப் பதிவுசெய்து தொடர்ந்தனர். வீட்டுத் தூசியில் உண்ணி மிகுந்தாற் குழந்தையின் உடல் அதற்கு ஒவ்வாமை கொள்வது மிகும் எனக் கண்டனர். ஆயின் ஏழாம் வயதில் தொய்வு உடையோர் தொகை, சிசுப்பருவத்து வீட்டில் இருந்த உண்ணியின் அளவைப் பொறுத்து மிகவுமில்லை, குறையவுமில்லை. நெதர்லாந்தில் 1996, 1997ஆம் ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகளுட் சிலருக்கு உண்ணி புகாத மெத்தையுறைகளை வழங்கிப் பார்த்தனர். உண்ணியின் அளவு குறைந்தது, எட்டாம் வயதிற் தொய்வு குறையவில்லை. மாறாக இங்கிலாந்தின் வைட்டுத் தீவில், 1990ஆம் ஆண்டிற் பிறந்த 120 குழந்தைகளுட் பாதிப் பேருக்கு உணவுக் கட்டுப்பாடும் உண்ணித் தடுப்பும் சேர்த்துச் செய்தபோது, பதினெட்டாம் வயதிலும் தொய்வு குறைந்திருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, மெத்தையுறையை மட்டும் வாங்கிவிட்டால் தொய்வு வாராது என உறுதிகூறும் விளம்பரங்களில் நம்பிக்கை குறையும்.

தாய்ப்பால் பற்றிய வினா இன்னும் இடர் மிக்கது. தாய்ப்பால் ஒவ்வாமையைத் தடுக்கும் என்பது நெடுநாளைய கொள்கை. நியூசிலாந்தின் டனீடின் நகரத்துப் பிறப்புக் குழாத்தை ஆராய்ந்தோர் 2002ஆம் ஆண்டில் இதற்கு மாறானதோர் முடிவை வெளியிட்டனர். நான்கு வாரமேனும் தாய்ப்பால் அருந்திய பிள்ளைகளுக்கு ஒவ்வாமையும் தொய்வும் குறைவாக இல்லை, மிகுதியாகவே காணப்பட்டன. பெருஞ் சலசலப்பு எழுந்தது. குழாம் ஆராய்ச்சியின் மெலிந்த இடம் இதுவே. குழந்தைகளை ஆராய்ச்சியாளர் பின்தொடரலாம். எவர் எவருக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்தல் இயலாது. தம் குடும்பத்தில் ஒவ்வாமை உண்டென அறிந்த தாய்மார் அதற்கு அஞ்சியே நெடுநாட் பாலூட்டக் கூடும். அப்பொழுது குடும்பத்தின் நோய் பாலின் மேல் ஏற்றப்படும். இச்சிக்கலை அவிழ்க்கப் பெலருசு நாட்டில் வேறொரு வழி கையாளப்பட்டது. மகப்பேற்று மருத்துவமனைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு கூறாக்கி, ஒரு கூறில் மட்டும் பாலூட்டுதலைச் சிறப்பாக ஊக்கினர். 17,046 தாய்மாரும் சேய்களும் இதிற் சேர்ந்தனர். பாலூட்டல் உண்மையிலேயே மிகுந்தது. முதலாண்டிற் கரப்பானும் வயிற்றோட்டமும் குறைந்தன. ஆறரை வயதில் தொய்வும் ஒவ்வாமையும் குறையவுமில்லை, மிகவுமில்லை. தாய்ப்பாலின் பெருமைக்கு இதனால் இழுக்கு யாதுமில்லை. அதற்கு உரியதல்லாத புகழ் ஒன்று மட்டுமே நீங்கிற்று.

மற்றுமொன்றை இங்குக் கூறாது விடுதல் தகாது. நாம் கச்சான் என வழங்கும் நிலக்கடலை, மேனாட்டிற் பல பிள்ளைகளுக்கு உயிராபத்து விளைக்கும் ஒவ்வாமைப் பொருள். ஒவ்வாமையுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் கொடுத்தலாகாது என 1998இற் பிரித்தானியாவிலும் 2000இல் அமெரிக்காவிலும் அறிவுரை வழங்கப்பட்டது. நல்லெண்ணத்தாற் கூறியதே, சான்று மிகச் சிறிது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1991, 1992ஆம் ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகளின் பெருங்குழாத்தை ஆராய்ந்தபோது 2003ஆம் ஆண்டில் ஒன்று தெரிந்தது. கச்சான் ஒவ்வாமை கொண்ட பிள்ளைகளிற் பலருக்குச் சிசுப்பருவத்தில் தோல் வெடிப்புக்குக் கச்சானெண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டிருந்தது. தாய் கருவுற்ற காலத்திற் கச்சான் உண்டதனோடு தொடர்பு எதுவும் காணப்படவில்லை. வாய்வழி சென்றால் உடல் பழகிக்கொள்ளும். அழன்ற தோல்வழி சென்றாற் பகைத்துக்கொள்ளும் என்னும் ஐயம் இதனால் வலுப்பெற்றது. பின்னர் கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 சிசுக்களை நான்கு முதற் பதினொரு மாத வயதிலே தேர்ந்து, பாதிப் பேருக்குக் கச்சான் உணவைத் தொடர்ந்து கொடுத்து, மறுபாதிப் பேருக்கு விலக்கினர். 2015ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: ஐந்தாம் வயதில் விலக்கியவருள் 17.2 வீதத்தினர்க்குக் கச்சான் ஒவ்வாமை, உண்டவருள் 3.2 வீதத்தினர்க்கு மட்டுமே. காப்பதற்கென வழங்கிய அறிவுரையே பலரை நோய்க்கு ஆளாக்கியிருக்கக் கூடும் என்பதை எண்ணும்போது, ஆசிரியராகிய நாமும் நாடோறும் வழங்கும் உறுதிமொழிகளைப் பற்றிச் சிறிது கூச்சம் உண்டாகிறது. இதனைப் படித்து எவரேனும் சிசுவுக்கு முழுக் கச்சான் ஊட்டிவிடற்க. அது தொண்டையிற் சிக்கும். அரைத்துக் குழைத்த உணவாகவே அச்சிசுக்களுக்குக் கொடுத்தனர். கரப்பான் மிகுந்த குழந்தையாயின் மருத்துவரைக் கேட்ட பின்னரே கொடுத்தல் வேண்டும்.

மேற்கூறிய எடுத்துக்காட்டுக்களால், குழாம் ஆராய்ச்சி ஐயத்தைப் பிறப்பிக்கும் என்பதும், காரணம் இதுவேயென உறுதிப்படுத்தப் பெரும்பாலும் பரிசோதனை வேண்டும் என்பதும் பெறப்படும். அதற்கு வேறு குறைகளும் உள. இடையில் விலகுவோர் ஒழுங்கின்றி விலகுவதில்லை. வறியோரும் ஊர்விட்டு ஊர் செல்வோருமே மிகுதியாக விலகுவர். எஞ்சியோரைக் கொண்டு எல்லோர்க்கும் விதி செய்தல் பிழையாகும். அரிசோனாவிலும் இங்கிலாந்திலும் கண்டதை விறகடுப்புப் புகையும் மழைக்கால ஈரமும் சூழ்ந்த நம் வீடுகளுக்கு அப்படியே பொருத்துதலும் கூடாது.

விலகல் என்னும் இக்குறையை வென்றதாற் புகழ்பெற்றது முன்னர்க் கூறிய டனீடின் ஆராய்ச்சி. 1972 ஏப்பிரல் முதல் 1973 மார்ச்சு வரை அந்நகர மகப்பேற்று மருத்துவமனையொன்றிற் பிறந்த 1,037 பேரைக் கொண்டது அக்குழாம். அவர்களுட் பலர் பின்னாளிற் பிறநாடுகளிற் குடியேறினர். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவர்களை விமானச் செலவு கொடுத்து அழைப்பித்தனர். நாற்பத்தைந்தாம் வயதில் உயிரோடிருந்த 997 பேருள் 938 பேர் வந்து கலந்துகொண்டனர். ஒரு வகுப்பின் பழைய மாணவரை இருபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒன்றுகூட்ட முயன்று களைத்தவர்கள் இவ்வெண்ணிக்கையின் அருமையை உணர்வர்.

தாயாரின் கேள்விக்கு யான் கண்ட விடையும் இக்குழாத்திலேயே கிடைத்தது. பள்ளிப் பருவம் முதல் 26ஆம் வயது வரை முழு விபரமும் கிடைத்தவர் 613 பேர். அவருட் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஒன்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளில் தமக்கு இழுப்பு உண்டெனக் கூறியிருந்தனர். 89 பேருக்கு, அதாவது 14.5 வீதத்தினர்க்கு, சிறுபராயத்திலிருந்து 26 வரை நோய் நீங்கவேயில்லை. 168 பேருக்கு நீங்கிற்று. ஆயின் அந்த 168 பேருள் 76 பேருக்கு 26 வயதுக்குள் மீண்டும் வந்தது. வளர வளர விட்டுப்போகும் என்னும் ஊர்ச்சொல் சிசுப்பருவத்து இழுப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும் என்பதை டூசன் காட்டியது. பள்ளிப் பருவத்திலும் தொடரும் இழுப்புக்கு அது அவ்வளவு பொருந்தாது. விட்டதுபோல விட்டு மீண்டும் பற்றுவதும் உண்டு.

எவரிடத்து நோய் நிலைக்கும் அல்லது மீளும் என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். தூசுண்ணிக்கு ஒவ்வாமை கொண்டிருத்தல், சுவாசக் குழாய்கள் சிறு தூண்டலுக்கும் சுருங்கும் இயல்பு, பெண்ணாய்ப் பிறத்தல், இளவயதிலேயே நோய் தொடங்குதல், புகைபிடித்தல் என ஐந்து ஏதுக்கள் வெளிப்பட்டன.

சில நாட்களின் பின் அத்தாயார் மீண்டும் வந்தபோது, விட்டுப்போகும் என்று யான் கூறவில்லை. விடாது என்றும் கூறவில்லை. ஏழாம் மாதக் குறிப்பு உள்ள பதிவேட்டை எடுத்துக்கொண்டு நெஞ்சுநோய் மருத்துவரைக் கண்டு வருமாறு கூறினேன். மருத்துவர், நாடோறும் உறிஞ்ச ஒரு மருந்தும், ஓடுமுன் உறிஞ்ச ஒரு மருந்தும் கொடுத்து, பையன் ஓடலாம் என எழுதிக் கொடுத்தார். தொய்வுள்ள பிள்ளைகளைப் பல்லாண்டுகள் வேப்பமர நிழலில் இருத்தி வைத்த எனக்கு அக்கடிதம் ஒரு பாடமாயிற்று. மேற்கூறிய ஐந்து ஏதுக்களுள் நான்கு அவன் கையில் இல்லாதவை. எஞ்சிய ஒன்றைத் தாயாரிடம் கூறாது, ஒருநாள் மைதானத்தில் அவனைத் தனியே அழைத்து அவனிடமே கூறினேன். தலையசைத்துவிட்டுத் தன் உறிஞ்சு மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடிப்போனான்.